பாட்டுக்கு ஓட்டா, ஊருக்கு ஓட்டா?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள் சுத்தப் போறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ ஒண்ணு வாங்கி பக்கத்துல வெச்சுக்கோங்க.

இந்த வருஷம் பிப்ரவரி மாசம் ஒரு நாள் காலையில், பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் ஆபீஸ் கேப் நகராமல் நின்றுகொண்டிருந்தது. பொழுது போகாமல் செல்லை நோண்டினேன். 11 வருஷத்துக்கு முந்தைய என் பதிவு ஒன்றை ஃபேஸ்புக் தூக்கிக் காட்டியது. தேதி 2015 பிப்ரவரி 22. மொத்தம் நாலு வரி. முதல் மூணு வரியில் தமிழினம், துரோகம், நிறைய ஆச்சரியக்குறி. நாலாவது வரி ஒரு சின்னப் பொண்ணைப் பற்றி. அதை இங்கே திருப்பி எழுத எனக்கு மனசில்லை. 14 பேர் லைக் வேற போட்டிருந்தார்கள்.

அந்தப் பொண்ணு செய்த குற்றம் என்னன்னா, விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஜூனியர் நாலாவது சீசனில் முதல் பரிசு வாங்கியது. அவ்வளவுதான்.

நான் அப்போ நாமக்கல் பக்கம் ஒரு ஸ்கூல் ஹாஸ்டலில் ப்ளஸ் டூ. எங்க ஊர்ப் பக்கத்து ஹாஸ்டல்களைப் பற்றித் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். காலையில 4.30க்கு விசில், ராத்திரி 11 வரைக்கும் ஸ்டடி, டிவி கிடையாது, போன் கிடையாது, தினமும் முட்டை மட்டும் உண்டு. இறுதிப் போட்டி நடந்தது 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி. மெஸ் அண்ணன் ஒருத்தர்தான் காலையில் இட்லி வைக்கும்போது ரிசல்ட் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து பார்க்க வந்தார்கள். அம்மா கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருக்க, நான் அக்கா போனை வாங்கி மரத்தடியில் உட்கார்ந்து அந்த நாலு வரியை எழுதினேன். பொதுத் தேர்வுக்கு ரெண்டு வாரம் கூட இல்லை.

ஒரு பாட்டுப் போட்டிக்கு எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? நான் அந்தப் போட்டியை முழுசா பார்த்தது கூட இல்லையே? சிக்னலில் ஆரம்பித்த இந்தக் கேள்வி ஆபீஸில் ஆணி பிடுங்கும்போதும் விடவில்லை. தோண்டிப் பார்த்ததில் ஒரு பெரிய கதையே வந்தது. அதுதான் இந்தப் பதிவு.

போஸ்ட் கார்டு காலம்

எங்க அப்புச்சி (அம்மாவோட அப்பா) சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை வேலை கையும் கண்ணும் பார்க்கிற வேலை, காது சும்மாதான் இருக்கும். அதுக்கு ரேடியோ. அதுவும் சிலோன் ரேடியோ.

நம்ம ஊர் ஆட்கள் கடல் தாண்டி இருக்கிற ரேடியோவை ஏன் கேட்டார்கள்? 1952ல் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றே போனது. அந்த இடத்தை ரேடியோ சிலோன் அள்ளிக்கொண்டது. அதே 1952ல் அமீன் சயானி இந்தியில் 'பினாக்கா கீத்மாலா'வை ஆரம்பித்தார். 1957ல் விவித் பாரதி வந்தபோது, விட்டதைப் பிடிக்க நம்ம அரசாங்கம் ஓடிக்கொண்டிருந்தது.

தமிழ்ச் சேவைக்கும் இதே மவுசு. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது... இந்தப் பெயர்களைச் சொன்னால் 60 வயசு தாண்டிய சேலத்துக்காரர் யாரும் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிடுவார். 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' என்று அப்புச்சி நிகழ்ச்சி நிரலை ஒப்பிப்பார்.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று. அப்புச்சி பாட்டைப் பற்றிச் சொன்னதை விட, எந்த ஊர்ப் பெயர் ரேடியோவில் வந்தது என்று சொன்னதுதான் ஜாஸ்தி. பிறந்தநாள் வாழ்த்தில் ஒரு தடவை பட்டறைத் தெருப் பையன் பெயரும் ஊரும் வந்ததாம். ரெண்டு நாளைக்குத் தெருவில் அதே பேச்சாம். பாட்டு என்ன பாட்டு என்று கேட்டால், "அது ஆருக்கு நாபகம் இருக்குது சாமி" என்பார்.

வடக்கே இது இன்னும் பெரிய கூத்து. ஜும்ரி தலையா என்று ஒரு ஊர். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலம் கோடர்மா மாவட்டத்தில் இருக்கிறது, அப்ரகம் எடுக்கிற ஊர். அங்கிருந்து ரேடியோ சிலோனுக்கும் விவித் பாரதிக்கும் நேயர் விருப்பக் கடிதம் மூட்டை மூட்டையாகப் போகும். 'ஜும்ரி தலையாவிலிருந்து...' என்று அறிவிப்பாளர் சொல்லிச் சொல்லி, பல பேர் அப்படி ஒரு ஊரே கிடையாது, சும்மா சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம். ஒரு சின்ன ஊர், போஸ்ட் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியா முழுக்கத் தன் பெயரைச் சொல்ல வைத்தது.

ஆக, பாட்டுக்காகக் கை நீட்டி எழுதினாலும் அதுக்குள்ளே 'நாங்களும் இங்கே இருக்கோம்' என்று ஒரு சேதி ஒளிந்திருந்தது. அப்போ அது யாரையும் காயப்படுத்தவில்லை. ஏன்னா யாரும் தோற்கவில்லை. உங்க ஊர்ப் பெயர் இன்று வந்தால் எங்க ஊர்ப் பெயர் நாளைக்கு வரும்.

எஸ்எம்எஸ் காலம்

அப்புறம் டிவி. சன் டிவி 1993ல் வந்தது. அதே அப்துல் ஹமீது அதே 'பாட்டுக்குப் பாட்டை' சன் டிவிக்குக் கொண்டுவந்தார். ஏ.வி. ரமணனின் 'சப்தஸ்வரங்கள்' இன்னொரு பக்கம். இவை ரெண்டிலும் ஓட்டுக்கு வேலையில்லை. ஒன்றில் எழுத்துக்குப் பாட்டு வரலைன்னா நீ அவுட். இன்னொன்றில் நடுவர்கள் சொன்னால் சரி. பார்க்கிறவனுக்குக் கைதட்டுற வேலை மட்டும்தான்.

இங்கிலாந்தில் 2001ல் வந்த 'பாப் ஐடல்' என்ற நிகழ்ச்சியின் வார்ப்பில் 2004ல் சோனி டிவியில் 'இந்தியன் ஐடல்' வந்ததும் ஆட்டம் மாறியது. செல்போன் பரவுகிற நேரம். யார் ஜெயிக்கணும்னு நீங்களே எஸ்எம்எஸ் அனுப்பிச் சொல்லுங்க என்றார்கள். 2006ல் விஜய் டிவி 'சூப்பர் சிங்கர்' ஆரம்பித்தது.

இதன் முழு பலம் 2007ல் தெரிந்தது. இந்தியன் ஐடல் மூணாவது சீசன். கடைசியில் நின்றவர்கள் ரெண்டு பேர். ஒருவர் டார்ஜிலிங் பிரசாந்த் தமாங், கொல்கத்தா போலீஸில் கான்ஸ்டபிள், போலீஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிறவர். இன்னொருவர் ஷில்லாங் அமித் பால். அதுவரை இந்திய டிவியில் அந்தப் பக்கத்து முகங்களைப் பார்ப்பதே அபூர்வம். ரெண்டு மலை ஊர்களும் ராத்திரி பகலாக எஸ்எம்எஸ் அனுப்பின. டார்ஜிலிங்கில் காசு வசூல் பண்ணி, ஆள் வைத்து, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்கள். மொத்தம் சுமார் 7 கோடி ஓட்டு என்று அப்போது செய்தி வந்தது. 2007 செப்டம்பர் 23 அன்று பிரசாந்த் ஜெயித்தார்.

ஷில்லாங்கில் நடந்தது அழகான கதை. பழங்குடியினருக்கும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் பல வருஷமாக மோதல் இருந்த ஊர் அது. அமித் பால் ஒரு வங்காளிக் குடும்பத்துப் பையன். அவருக்காக காசி இனத்தவரும் வங்காளிகளும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். மேகாலயா அரசு அவரை அமைதிக்கும் மத நல்லிணக்கத்துக்கும் தூதர் என்று அறிவித்தது.

டார்ஜிலிங் கதை வேறு மாதிரி திரும்பியது. டெல்லியில் ஒரு எஃப்.எம். அறிவிப்பாளர், நேபாளிகள் எல்லாம் பாட்டுப் பாடப் போய்விட்டால் வீட்டுக்குக் காவல் யார் என்கிற மாதிரி ஒரு நக்கல் அடித்தார். அவருக்கு அது ஜோக். சிலிகுரியில் செப்டம்பர் 28 அன்று ஊர்வலம், கல்லெறி, கலவரம். ஊரடங்கு போட்டு ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. பிரசாந்துக்கு ஓட்டு சேகரித்ததில் முன்னால் நின்ற பிமல் குருங், அடுத்த மாசமே, அக்டோபர் 7ல், கூர்க்கா ஜன்முக்தி மோர்ச்சா என்ற கட்சியை ஆரம்பித்தார். தனி கூர்க்காலாந்து கோரிக்கை மறுபடி கிளம்பியது. 20 வருஷமாக அந்த மலையில் அசைக்க முடியாமல் இருந்த சுபாஷ் கீசிங், சில மாசத்தில் பதவியை விட்டு இறங்க வேண்டி வந்தது.

ஒரு பாட்டுப் போட்டியிலிருந்து ஒரு கட்சி! கோரிக்கை ரொம்பப் பழசு, அது பாட்டால் பிறக்கவில்லை. ஆனால் 'நாம இத்தனை பேர் இருக்கோம், சேர்ந்தா நடக்கும்' என்பதை அந்த மக்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியது அந்த எஸ்எம்எஸ்தான்.

உன் நாட்டுக்கு நீ ஓட்டுப் போடாதே

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பெரியண்ணன் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. எனக்கு இது தெரிய வந்ததே ஆபீஸ் புண்ணியத்தில்தான். எங்க கிளையண்ட் ஸ்வீடன்காரர்கள். 2024 மே மாசம் அவங்க ஊர் மால்மோவில் போட்டி. ரெண்டு வாரத்துக்கு எந்த மீட்டிங் போட்டாலும் முதல் 10 நிமிஷம் யூரோவிஷன் பேச்சு. எங்க டேமேஜர் பேந்தப் பேந்த முழிப்பார். என்னதான் அப்படி என்று நானும் ராத்திரி 12.30க்கு முழிச்சிருந்து இறுதிப் போட்டியைப் பார்த்தேன். பார்த்த பிறகு எனக்கும் பைத்தியம் பிடித்தது.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு 11 வருஷம் கழித்து, 1956ல், சுவிட்சர்லாந்தில் லுகானோ என்ற ஊரில் 7 நாடுகளோடு ஆரம்பித்தது இது. ஒருத்தரை ஒருத்தர் குண்டு போட்டுக் கொன்ற நாடுகள் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கணும் என்பது யோசனை. ரெண்டாவது வருஷத்திலிருந்தே ஒரு விதி வைத்தார்கள். உன் நாட்டுப் பாட்டுக்கு நீ ஓட்டுப் போடக்கூடாது. அடுத்தவன் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டு, அதில் ஒன்றை எடுத்துப் பாராட்டியே ஆகணும்.

என்ன அருமையான விதி! நம்ம டிவியில் இப்படி ஒரு விதி இருந்தால் எப்படி இருக்கும்னு யோசித்துப் பார்த்தேன். சேலத்துக்காரன் சேலத்துப் பையனுக்கு ஓட்டுப் போட முடியாது, மதுரைப் பொண்ணுக்கோ கோயமுத்தூர்ப் பொண்ணுக்கோதான் போடணும். ஒரே வாரத்தில் டிஆர்பி படுத்துடும். ஹிஹி.

ஆனால் மனுஷன் விதிக்குள் சந்து கண்டுபிடிப்பவன். 1997 வரை நடுவர் குழுதான் மார்க் போட்டது. அந்த வருஷம் 5 நாடுகளில் மக்களே போன் போட்டு ஓட்டளிக்கலாம் என்று சோதனை செய்தார்கள், அடுத்த வருஷமே அது பரவிவிட்டது. ஜெர்மனியில் குடியேறிய துருக்கிக்காரர்கள் தங்கள் நாட்டுக்குள்ளிருந்து துருக்கிக்கு ஓட்டுப் போட முடியாது. ஜெர்மனியிலிருந்து போடலாமே! பிழைக்கப் போன சனம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் சொந்த மண்ணுக்கு மார்க் விழ ஆரம்பித்தது. அக்கம்பக்கத்து நாடுகள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வது தனிக்கதை. புகார் ஜாஸ்தியாகி, 2009 இறுதிப் போட்டியிலிருந்து நடுவர் மார்க் பாதி, மக்கள் ஓட்டு பாதி என்று மாற்றினார்கள்.

2022ல் போர் நடக்கும்போது உக்ரைனின் கலுஷ் ஆர்க்கெஸ்ட்ரா ஜெயித்தது. நடுவர் கணக்கில் அவர்களுக்கு நாலாவது இடம். மக்கள் கொடுத்தது 439 பாயிண்ட், அதுவரை யாரும் வாங்காத அளவு. ஓட்டுப் போட்டவன் பாட்டை மட்டும் கேட்டுவிட்டா போட்டான்? 2025 போட்டிக்குப் பிறகு, அரசாங்கங்களே விளம்பரம் செய்து ஓட்டு திரட்டுகின்றன என்று சண்டை வந்து, ஒருத்தர் 20 ஓட்டு வரை போடலாம் என்றிருந்ததை 10 ஆகக் குறைத்தார்கள்.

இன்னொரு தகவல். 2023லிருந்து போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்களும் இணையத்தில் காசு கட்டி ஓட்டுப் போடலாம். உலகம் முழுக்க விழும் அந்த ஓட்டுகள் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு நாட்டின் ஓட்டு மாதிரி கணக்கு. அதாவது ராசிபுரத்திலிருந்தும் போடலாம். நான் 2024ல் குரோஷியாவின் பேபி லசான்யாவுக்குப் போட்டேன். மாட்டை விற்றுவிட்டு ஊரை விட்டு நகரத்துக்குக் கிளம்பும் ஒரு பையனின் பாட்டு. நாமக்கல் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறியவன் வேற யாருக்குப் போடுவான்? மக்கள் ஓட்டில் அவருக்கு முதலிடம், நடுவர் மார்க்கையும் சேர்த்ததும் ரெண்டாமிடம். ஜெயித்தது சுவிட்சர்லாந்தின் நெமோ. குரோஷியா மேப்பில் எங்கே இருக்குன்னு தெரியாமலே நானும் என் ஊருக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கேன். புரியுதுங்களா?

ஒரு கிலோ தங்கம்

இப்போ 2015க்கு வருவோம்.

அந்த சீசனின் நட்சத்திரம் ஜெசிகா ஜூட்ஸ். கனடாவிலிருந்து வந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு. 1983 கலவரத்துக்குப் பிறகு கனடா போன தமிழர்கள் டொராண்டோவைச் சுற்றி ஒரு பெரிய ஊரையே உருவாக்கிவிட்டார்கள். 2009 மே மாசம் போர் முடிந்த விதம் நமக்குத் தெரியும். அதன் பிறகு உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தவர்கள் ஊர்வலம் போனார்கள், மனு கொடுத்தார்கள், ஜெனீவா வாசலில் நின்றார்கள். எந்த எண்ணிக்கையும் எதையும் அசைக்கவில்லை. அப்படி இருந்தவர்கள் கையில் ஒரு ஓட்டு கிடைத்தது. பட்டனை அழுத்தினால் எண்ணுவார்கள், முடிவும் சொல்வார்கள். அவர்கள் எப்படி அழுத்தாமல் இருப்பார்கள்?

லண்டன், பாரிஸ், டொராண்டோ, சிட்னி என்று ஃபேஸ்புக் முழுக்க ஜெசிகாவுக்கு ஓட்டு கேட்டு படம் பறந்தது. தமிழ்நாட்டிலும் நிறைய பேர் பகிர்ந்தார்கள். 2009ல் ஒன்றும் செய்ய முடியாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்த குற்ற உணர்ச்சி நமக்கும் இருந்தது. ஒரு ஓட்டில் அதைக் கொஞ்சம் கழுவிக்கொள்ளலாம் என்ற நப்பாசை.

இறுதிப் போட்டியில் ஜெசிகா பாடியது 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் சொந்த மண்ணை விட்டு அகதியாகப் போகிறவர்களின் பாட்டு. வைரமுத்து எழுதி ரஹ்மான் இசையமைத்தது, மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. குரலும் அதில் உண்டு. அரங்கத்தில் பலர் அழுதார்கள். அந்த வீடியோவை இன்று பார்த்தாலும் தொண்டை அடைக்கும்.

முடிவில் முதல் பரிசு, ஒரு வீடு, பெங்களூரிலிருந்து வந்த ஸ்பூர்த்திக்கு. ரெண்டாவது பரிசான ஒரு கிலோ தங்கம் ஜெசிகாவுக்கு. ஜெசிகாவின் அப்பா மேடையிலேயே, அந்தத் தங்கத்தை தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இருக்கிற ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். தோற்ற வீட்டுக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஹாஸ்டல் மரத்தடியில் கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்தான் சண்டைக்குப் போனேன்.

'தமிழ்நாட்டு டிவியில் தமிழச்சி ஜெயிக்கக் கூடாதா?' இதுதான் என் மூணு வரியின் சாரம். நாலாவது வரிக்கு ஆதாரமாக என்னிடம் இருந்தது, அந்தக் குழந்தை பெங்களூர் என்ற ஒரு தகவல் மட்டும்.

அன்று அம்மாயியும் கூட வந்திருந்தார்கள். நான் எழுதியதை அக்கா வாசித்துக் காட்டினாள். அம்மாயி கேட்டுவிட்டு, "அந்தக் கனடாப் புள்ள பாடறப்ப எனக்கும் அழுகையா வந்துருச்சு சாமி, எங்க பெரியப்பன் நாபகம் வந்துருச்சு. ஆனா இந்தச் சின்னதும் நல்லாத்தான பாடுச்சு? அத ஏன் வையற?" என்றார்கள்.

எனக்குக் கோபத்தில் ரெண்டாவது வாக்கியம்தான் காதில் விழுந்தது. பெரியப்பனுக்கும் இந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவே இல்லை. கேட்க எனக்கு 8 வருஷம் ஆனது.

கங்காணி கூட்டிப் போன சனம்

2023ல் ஜீ தமிழ் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் மூணாவது சீசனில் இலங்கையிலிருந்து ரெண்டு பொண்ணுங்க வந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா. இன்னொருவர் அசானி, புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பொண்ணு. மலையகத்திலிருந்து அப்படி ஒரு குழந்தை தமிழ்நாட்டு மேடையில் வந்து நின்றதும் ஃபேஸ்புக், டிக்டாக், வாட்ஸப் எல்லாம் நிரம்பி வழிந்தது. இந்தியாவில் டிக்டாக் 2020லேயே தடை, ஆனால் இலங்கையில் உண்டு. அங்கிருந்து வெட்டி ஒட்டி இங்கே வரும்.

அந்த நேரத்தில் நான் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாயி டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். "இந்தப் புள்ள எங்க பெரியப்பன் ஊட்டுப் புள்ளையா இருந்தாலும் இருக்குங் கண்ணு" என்றார்கள். அப்போதான் முதல் தடவையாக யார் அந்தப் பெரியப்பன் என்று கேட்டேன்.

அம்மாயி பிறப்பதற்கு முன்னால், மழை பொய்த்த ஒரு வருஷம், கங்காணி ஒருத்தன் கூப்பிட்டான் என்று கண்டிச் சீமைக்குப் போனவர். ரெண்டு மூணு கடுதாசி வந்ததாம். அப்புறம் ஒன்றும் இல்லை. மூணு தலைமுறையாக எங்க வீட்டில் அவர் ஒரு வாக்கியம்தான்: 'பெரியப்பன் கண்டிக்குப் போயிட்டாரு.'

தேடிப் படித்தபோதுதான் இது ஒரு வீட்டுக் கதை இல்லை என்று தெரிந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி ஆள் போன முக்கியமான ஜில்லாக்களில் திருச்சி, மதுரை, தஞ்சாவூரோடு சேலமும் உண்டு. இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997 வரை சேலத்துக்குள்தான் இருந்தது. முதலில் காபிக்கு, பிறகு தேயிலைக்கு. ஆரம்ப காலத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலை ஏறியவர்களில் பலர் வழியிலேயே செத்தார்கள். மலையக மக்கள் அங்கே போய் 200 வருஷம் ஆனதை நினைவுகூர்ந்த வருஷம் எதுன்னு நினைக்கிறீங்க? அதே 2023.

அடுத்த செய்திதான் என்னை உலுக்கியது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல இடங்களில் ஜெயித்தது. சுதந்திரம் வந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களைக் குடிமக்கள் இல்லை என்றார்கள். 1949ல் ஓட்டுரிமையும் போனது. 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அங்கே மிச்சம் இருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003ல்தான் ஒரு சட்டம் வந்தது.

அதாவது, ஓட்டைப் பறிகொடுத்துவிட்டு அரை நூற்றாண்டு நின்ற சனம் அது. அவர்கள் வீட்டுப் பொண்ணு தாத்தா பாட்டன் கிளம்பி வந்த நாட்டில் போய்ப் பாடும்போது, பதுளையிலும் ஹட்டனிலும் ஒருத்தன் அந்த வீடியோவை 50 பேருக்கு அனுப்புகிறான் என்றால், அதை வெறும் ரசிகர் வெறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மாயி அன்று என்னிடம் ஒரே ஒரு உதவிதான் கேட்டார்கள். "இத உன்ற போன்ல ஸ்டேட்டஸ் வெச்சு உடு. அந்தப் பக்கத்துல ஆராச்சும் பாப்பாங்க." அப்புச்சி காலத்து போஸ்ட் கார்டு மாதிரியே. நாங்களும் இங்கே இருக்கோம்.

டிசம்பர் 17 அன்று பட்டம் கில்மிஷாவுக்குக் கிடைத்தது. இந்த முறை நான் நாலு வரி எழுதவில்லை. அம்மாயியைக் கேட்டேன், வருத்தமா என்று. "நம்ம புள்ள மேடையேறிப் பாடுச்சு, நாம பாத்தம். அப்பறம் என்ன?" என்று சேனல் மாற்றிவிட்டார்கள்.

நாலாவது வரி

போஸ்ட் கார்டோ, எஸ்எம்எஸ்ஸோ, ஹேஷ்டேகோ, கருவிதான் மாறியிருக்கிறது. 'நான் இருக்கேன், என்னை எண்ணு' என்று கேட்க வேறு இடம் இல்லாதவர்கள் பாட்டுப் போட்டிக்கு வருகிறார்கள். டார்ஜிலிங்காரர்கள் வந்தார்கள், ஈழத்தவர்கள் வந்தார்கள், மலையகத்தவர்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்து 'பாட்டை மட்டும் பார்' என்று சொல்கிறவருக்கு அநேகமாக வேற இடத்தில் நாற்காலி இருக்கும். அதனால் 'ஊருக்கு ஓட்டுப் போடாதே' என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த ஓட்டின் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்பதை நான் 2015ல் பார்க்கவில்லை. 60 வருஷத்துக் கணக்கை, ஒரு போரை, ஒரு இனத்தின் அழுகையை எல்லாம் கொண்டுபோய் மைக் பிடித்து நிற்கும் ரெண்டு குழந்தைகள் மேல் வைத்தோம். ஒருத்தி ஜெயித்தே ஆகணும், இன்னொருத்தி ஜெயித்ததுக்கு மன்னிப்புக் கேட்கணும். கலுஷ் ஆர்க்கெஸ்ட்ராவாவது வளர்ந்த ஆம்பளைங்க. இதுங்க ஸ்கூல் போற புள்ளைங்க. யூரோவிஷன்காரன் விதியில் எனக்குப் பிடித்ததும் அதுதான். உன் ஆளுக்குக் கத்து, கொடி ஆட்டு, அழு. ஆனால் ஓட்டுப் போடும் அந்த ஒரு நிமிஷம் அடுத்தவன் பாட்டையும் கேள்.

எங்க வீட்டில் எண்ணப்படாமல் போன ஒருத்தர் உண்டு என்பதே தெரியாமல், அம்மாயி சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல், நான் யாருக்காக சண்டை போட்டேன்?

கேப் சில்க் போர்டைத் தாண்டியது. இதே பெங்களூரில் நான் இப்போ 6 வருஷமாக சோறு தின்கிறேன். வீட்டு ஓனர் அம்மா கன்னடத்தில் திட்டிக்கொண்டே எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுத்து அனுப்புகிறார். நான் நாலாவது வரியில் எழுதியதை அவர் பேத்தியைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

அந்தப் பதிவை அழித்துவிட்டேன். 14 லைக் போட்டவர்களுக்கு ஞாபகம் இருக்காது. அந்தப் பொண்ணு அதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. இருந்தாலும் அன்று சாயங்காலம் யூடியூபில் போய் அந்தக் குழந்தை பாடியதைத் தேடி எடுத்து, முதல் தடவையாக ஒரு பாட்டை முழுசாகக் கேட்டேன்.

அம்மாயி சொன்னது சரிதான். நல்லாத்தான் பாடியிருக்குது.

டிஸ்கி: உங்க வீட்டிலும் 'கண்டிக்குப் போயிட்டாரு' என்ற ஒற்றை வாக்கியத்தோடு நின்றுபோன ஆள் யாராவது இருந்தால், வீட்டில் பெரியவங்க இருக்கும்போதே பேரு, ஊரு, கூட்டிட்டுப் போன கங்காணி பேரு எல்லாம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வெச்சுக்கோங்க. நான் கேட்டபோது அம்மாயிக்குப் பெரியப்பன் பேரு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.